நெற்றிக்கு மேல் உன் கை

அன்பு மைடப்பாவுக்கு,

குருவி எழுதுவது. இங்கே நான், அண்ணன், அண்ணி எல்லோரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த மாடல் பெண்களோடு சேர்ந்து நீயும் இலை தழையை மென்றுகொண்டிருக்கிறாயா என்பதை முதலில் எழுது. போன தடவை அனுப்பிய படத்தில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அது மேக்கப் என்று கதை விடாதே. எனக்கு உன் வேலையும் தெரியும், உன் கன்னமும் தெரியும்.

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் நான் போட்ட கூச்சலில், என்னவோ ஏதோ என்று அண்ணி ஓடிவந்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயே அணைந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் காய்ச்சி எடுத்திருப்பாள். அன்று அடுப்பைத் துடைத்துக்கொண்டே, மாடி அறைக்காரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாளே என்று உன் புராணம்தான் பாடிக்கொண்டிருந்தாள். நீ குடியிருந்த அந்த அறையை அவள் இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. கேட்டால் கூரை ஒழுகுகிறது என்கிறாள். ஒழுகவில்லை.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம். அடுத்த கலெக்‌ஷனில் முகமெல்லாம் உன் பொறுப்பு, தலையெல்லாம் என் பொறுப்பு. குருவி வந்தால்தான் நானும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று உடுப்பு வடிவமைக்கிற உன் டிசைனரம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாய். உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தமடி. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே, கண்ணுக்கு மை தீட்டச் சொன்னால் கன்னம் வரைக்கும் இழுத்துவிட்டு மைடப்பா என்று பெயர் வாங்கினவள், இன்று பெரிய மனுஷியிடம் நிபந்தனை போடுகிறாள். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன். அன்றைக்கே உன் தலையில் நான் போட்ட கொண்டையைப் பார்த்துத்தானே எல்லோரும் குருவிக்கூடு என்றார்கள்.

டிசைனரம்மா படப்பிடிப்புக்கு வந்த இடத்தில் அவளுடைய மேக்கப் ஆளுக்குக் காய்ச்சல் வந்ததும், நம் பார்லரைத் தேடி ஆள் வந்ததும் நேற்று நடந்தது போல இருக்கிறது. முடிக்கு ஆள் இருக்கிறது, முகத்துக்குத்தான் வேண்டும் என்று உன்னை மட்டும் கேட்டார்கள். போனால் இரண்டு பேரும், இல்லாவிட்டால் யாருமே போக வேண்டாம் என்று நீ பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தாய். நான்தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினேன். பஸ்ஸில் முதலில் ஏறுகிறவள் பக்கத்து சீட்டில் பையைப் போட்டு வைப்பாளே, அந்த மாதிரி நீ போய் எனக்கு ஒரு இடம் பிடித்து வை, பின்னாலேயே வருகிறேன் என்றேன். எத்தனை பேர் வந்து கேட்டிருப்பார்கள், நீ இன்னும் அந்தப் பையை எடுக்கவில்லை.

இன்னொரு விஷயம் படித்துச் சிரித்துவிட்டேன். அங்கே முடிக்காரி ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினாலே உன் கை தானாகப் போய் மாடலின் நெற்றிக்கு மேல் நிற்கிறதாம். ஸ்ப்ரே முகத்தில் படாமல் இருக்க அவர்கள் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு வைத்திருக்கிறார்களாம். குறுக்கே எதற்கு உன் கை என்று கேலி செய்கிறார்களாம். சிரித்துவிட்டேனே தவிர, பிறகு அந்த இடத்தையே மறுபடி மறுபடி படித்தேன். இங்கே நடந்ததை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

நீ போன பிறகு வந்த முதல் கல்யாண வேலை. புதிதாகச் சேர்ந்த பெண் முகத்தை முடித்துவிட்டாள். நன்றாகத்தான் செய்திருந்தாள், மூக்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அப்பியிருந்தாள். நான் கொண்டையை முடித்து, டப்பாவைக் குலுக்கி, அடித்தேன். நாம் என்றைக்கு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வேலை செய்தோம்? குலுக்குகிற சத்தம் கேட்டால் உன் உள்ளங்கை வந்து நிற்கும், நான் அடிப்பேன். அன்றைக்கும் கை அங்கே இருக்கும் என்றுதான் அடித்தேன். அவ்வளவும் மணப்பெண்ணின் முகத்தில் இறங்கியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டி, ஒட்டிய இமை கழன்று, போட்ட முகம் கோடு கோடாக வழிந்தது. பெண்ணின் அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். புதுப்பெண் என்னைத் தனியாக இழுத்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறீர்களா அக்கா என்று கேட்டாள். எங்கேயோ இருக்கிற ஒருத்தியின் கையை நம்பி அடித்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடனே கிளம்பு என்கிறாய். கொஞ்சம் பொறு. இங்கே கல்யாண வேலைகள் அடுத்தடுத்து வருகின்றன, அண்ணனும் வேலை விஷயமாக அலைந்துகொண்டிருக்கிறான். எல்லாம் ஒருவழியானதும் எழுதுகிறேன். போன் செய்யாதே, கடிதமே போடு. போனில் உன் பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முகத்தைக் காட்டு, கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று நீயும் உயிரை எடுப்பாய்.

அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஊருக்குப் போகிற ஜோரில் அவள் தலையில் ஒத்திகை பார்த்துவிடுவேனோ என்று இப்போதே கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு திரிகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தலையை அவள் எனக்குத் தந்ததில்லை. காசு கொடுத்து முடியைச் சிக்காக்கிக்கொள்கிற இடம் என்று நம் பார்லருக்குப் பெயர் வைத்தவள் ஆயிற்றே.

எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. பேனா மோசம். பொறுத்துக்கொள்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
குருவி

* * *

தோழிக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை அண்ணி எழுதுகிறாள். போன கடிதத்தில் என் எழுத்து புரியவில்லை, குடித்துவிட்டா எழுதினாய் என்று கேட்டிருந்தாய். அதனால்தான்.

எப்போது வருகிறாய் என்று கேட்டு நீ அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. எனக்கு இந்தத் தொழில் சலித்துவிட்டது. நாள் முழுக்க நின்று கால் வீங்குவதும், ஊரார் தலையைக் கழுவிக் காயவைப்பதும், பிடிக்கவில்லை என்று அவர்கள் முகம் சுளித்தால் பல்லைக் காட்டுவதும் போதும். பார்லரைப் புதுப்பெண்ணிடமே விட்டுவிட்டேன். இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக் கண்ணாடி விற்கிற கடை. உட்கார்ந்த இடத்தில் வேலை, தலைக்கு மேலே விசிறி, நேரத்துக்கு வீடு. எனக்கு இதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்கிறேன். நீ பிடித்து வைத்த இடத்தில் வந்து உட்கார எனக்கு விருப்பமில்லை. வந்தால், மேக்கப்காரியின் சிபாரிசில் வந்தவள் என்றுதான் என்னைச் சொல்வார்கள். நீ முன்னால் போய்விட்டாய், நான் பின்னால் தங்கிவிட்டேன். அதோடு விட்டுவிடு. எனக்காக நீ எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் அதற்கு நான் கடமைப்பட்டவள் ஆகிவிடுவேன், எனக்கு அது பிடிக்காது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. முடிக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள். கொஞ்ச நாளைக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி

கண்ணு, அண்ணி எழுதுறேன். மேல இருக்கிறது பூரா அவ சொன்னது. எனக்கு எழுத மனசே இல்லை. அவ உள்ள போயிட்டா, அதான் அவசரமா இதை எழுதுறேன். அவளால பேனா பிடிக்க முடியலை. ரெண்டு கையும் புண்ணாப் போயிடுச்சு. இனிமே அந்த வேலையே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உனக்குத் தெரியவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. சொல்லும்போது சுவத்தைப் பாத்துக்கிட்டுதான் சொன்னா. மூஞ்சியைக் காட்டவே இல்லை.

* * *

அடி மைடப்பா,

குருவிதான். என் கையால் நானே எழுதுகிறேன். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் எழுதுவது, வலித்தால் வைத்துவிடுவது, மறுபடி எடுப்பது என்று நாலைந்து நாளாக ஓடுகிறது. அதனால் ஒரு பத்தியில் சண்டை போடுவேன், அடுத்த பத்தியில் கொஞ்சுவேன். கண்டுகொள்ளாதே.

உன் பதில் வந்த அன்றைக்குத்தான் அண்ணி செய்த வேலை எனக்குத் தெரிந்தது. சொன்னதை எழுதாமல் உனக்கு எதற்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல், எழுதித் தருகிறேன், ஆனால் என் கையெழுத்தில் வெறும் பொய் மட்டுமே போகாது, கூடவே நிஜமும் போகும் என்றாள். நானும் உட்கார்ந்து துணி மடித்தேன்.

டிசைனரம்மா வெளியூரிலிருந்து வந்ததும் ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பப்போகிறேன், மாடி அறையைக் கூட்டி வை, மறுபடியும் நம் பார்லரைச் சேர்ந்து நடத்துவோம் என்று எழுதியிருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவள் வருவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். முதலில் முழுக்கப் படி, பிறகு அழு.

உன்னிடம் மறைத்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். நீ போவதற்கு முன்பே விரல் இடுக்கில் அரிப்பு இருந்தது. நம் தொழிலில் யாருக்குத்தான் இல்லை என்று நீயும் நானும் களிம்பு தடவிக்கொண்டு போனோம். அப்புறம் சிவந்தது, தடித்தது, வெடித்தது. பிளீச் கலக்கும்போது எரிந்தது, பிறகு ஷாம்பு பட்டால் எரிந்தது, கடைசியில் வெறும் தண்ணீருக்கே எரிந்தது. கையுறை போட்டால் அந்த ரப்பரே ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வகை வாங்கிப் போட்டேன். அதற்குள் கை வியர்த்து இன்னும் மோசமானது. விரல் நுனி வெடிப்பில் முடி போய் மாட்டும். வாரும்போது ஒவ்வொரு இழையும் உள்ளே அறுத்துக்கொண்டு போகும். உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் முடி அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கும் சிரித்து வைப்பேன்.

சாயம் போடுவதற்கு முன் நாம் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தொட்டு வைத்து, தடிக்கிறதா பார்த்துவிட்டு வா என்று வீட்டுக்கு அனுப்புவோமே. தோல் டாக்டர் அதையே என் முதுகு முழுக்கச் செய்தார். நம் அலமாரியில் இருக்கிற சாமான்களில் உள்ள மருந்து ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன பிளாஸ்திரியில் வைத்து ஒட்டி அனுப்பினார். பிரித்துப் பார்த்தபோது சாயம் இருந்த இடம் கொப்புளமாக நின்றது. பிளீச், முடியைச் சுருட்டுகிற மருந்து, கையுறை ரப்பர், எல்லாம் அப்படித்தான். டாக்டர் கண்ணாடியைத் திருப்பி என் முதுகை எனக்கே காட்டினார். இது குறைந்து போகிற நோய் இல்லை, தொட்டால் திரும்பத் திரும்ப வரும், அடுத்த தடவை கையோடு நிற்காது என்றார். வேறு வேலை தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் அங்கே அழவில்லை. வெளியே வந்து, வழியில் ஒரு கடை வாசலில், சின்னப் பெண் ஒருத்தி தங்கைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். கோணல் பின்னல். அதைப் பார்த்ததும் தெருவென்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

உன் கடிதம், நீ இடம் பிடித்துவிட்ட கடிதம், அதற்கு மறுநாள் வந்தது. வாசலில் நான் போட்டது சந்தோஷக் கூச்சல்தான். பொய் இல்லை. படித்து முடிக்கும் வரைக்கும் என் கை எனக்கு ஞாபகம் இல்லை.

கண்ணாடிக் கடை மட்டும் நிஜம். வருகிறவர்கள் முகத்தில் சட்டத்தை மாட்டி, இது உங்கள் மூக்குக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். நான் அவர்கள் மூக்கையா பார்க்கிறேன்? இந்த வகிடை இரண்டு விரல் தள்ளி எடுத்தால் என்ன, பின்னால் இவ்வளவு கனம் எதற்கு என்று கண் மேலேயே போகிறது. ஒரு பாட்டிக்குக் கண்ணாடிக் காம்பைச் செருகும்போது பஞ்சு மாதிரி முடி விரலில் பட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். ஏன் அம்மா, என் தலை சுடுகிறதா என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சே உடைந்துவிட்டதடி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. உன் மேல் பொறாமையும் இருக்கிறது. உன் படங்களைப் பார்க்கும்போது, முகத்தைத் தாண்டித் தலைக்குப் போய், இதை யார் போட்டது, நான் போட்டிருந்தால் என்று தொடங்கி அந்தப் படத்தையே பாழாக்கிக்கொள்கிறேன். ஆனால் நீ அங்கே இல்லாமல் போனால் பார்ப்பதற்குப் படமும் இருக்காது. அதை என்னால் தாங்க முடியாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்.

யாருடைய தலை என்று தெரிகிறதா? அண்ணிதான். கலெக்‌ஷனுக்கு உடுப்பெல்லாம் கழுத்து மூடி, தோள் அகலமாக வருகிறது என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்த அன்றே என் மனதில் அதற்கேற்ற தலை அலங்காரம் வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் போகவில்லை, கடையில் உட்கார்ந்தால் கண் முன்னால் நிற்கிறது. அதை அண்ணியிடம் உளறியிருக்கிறேன் போல. போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, உட்கார்ந்துகொண்டாள். போட்டு முடி, ஒரே ஒரு தடவைதான், டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவ்வளவு முடி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நாற்காலியின் பின்னால் தொங்கித் தரையைத் தொட்டது.

கையில் சுற்றிய கட்டுத் துணியோடுதான் செய்தேன். வகிடு கிடையாது, எல்லாவற்றையும் ஈரமாகப் பின்னால் வாரி, காது பாதி மூடுகிற மாதிரி இறக்கி, கழுத்துக்குக் கீழே போகாமல் தட்டையாக ஒரு முடிச்சு. பின்கள் எல்லாம் உள்ளே, வெளியே ஒன்றுகூடத் தெரியக் கூடாது. நெற்றி ஓரத்தில் இரண்டு இழை மட்டும் அடங்காமல் விட்டிருக்கிறேன், அது வேண்டுமென்றே விட்டது. சரிசெய்துவிடப்போகிறார்கள், சொல்லி வை. துணியில் முடி சிக்கிச் சிக்கி இழுத்தது. அவளுக்கு வலித்திருக்கும். ஒரு தடவைகூட ஆ என்று சொல்லவில்லை.

கடைசியாக ஸ்ப்ரேயை எடுத்துக் குலுக்கினேன். குலுக்கிவிட்டு நின்றேன். இந்தத் தடவை கை வராது என்று எனக்குத் தெரியும். அதனால் என் இடது கையையே, கட்டோடு, அவள் நெற்றிக்கு மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டுக்குக் கீழே அவள் கன்னம் ஈரமாக இருந்தது. கண் எரிகிறதா அண்ணி என்று கேட்டேன்.

“நீ இன்னும் அடிக்கவே இல்லையே” என்றாள்.

அதற்கப்புறம் அடித்தேன். முடிச்சு நன்றாக நின்றது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். படமும் அவன்தான் எடுத்தான். அன்றைக்கு முழுக்க அண்ணி அந்தத் தலையோடுதான் சமைத்தாள். மறுநாள் காலையில் பழைய கொண்டை. கை மறுபடி புண்ணாகிவிட்டது, ஆனால் அது ஆறிவிடும்.

படத்தை டிசைனரம்மாவிடம் காட்டு. பிடித்தால் அங்கே இருக்கிற முடிக்காரியைப் போடச் சொல். என் பெயரைப் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம், அதற்காக நீ போய் மறுபடி நிபந்தனை போடாதே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. கும்பிட்டுக் கேட்கிறேன், போடு. நீ இங்கே திரும்பி வந்து, நான் தொட முடியாத தலைக்குக் கீழே முகம் போட்டுக்கொண்டு நின்றால், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. ஷோ எல்லாம் முடியட்டும், நல்லபடியாக முடித்துவிட்டு வா. வந்து மாடி அறையில் நாள் கணக்கில்லாமல் தங்கு. என் கையைப் பார்த்ததும் முகத்தைக் கோணிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே வந்த பெண்கள் எல்லாம் உனக்குக் கைராசி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். குளிரில் வெறுங்கையோடு நிற்காதே. தூரிகை கழுவிய பிறகு மறக்காமல் எண்ணெய் தடவு. விரல் இடுக்கில் அரித்தால் சும்மா விடாதே, அன்றைக்கே டாக்டரிடம் போ.

அப்புறம், அந்த முடிக்காரி ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கும்போது, அவர்களிடம் பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் இருக்கட்டும். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். நீ உன் கையை நீட்டு.

உன்
குருவி